ப்ராடக்ட் டிரெய்னிக்கு ஜிரா: காலி போர்டிலிருந்து முதல் ஸ்பிரின்ட் வரை

ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் டிரெய்னியாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரத்தில் லேப்டாப், ஐடி கார்டு, கூடவே டீமின் வேலைகளைப் பதிந்து பின்தொடரும் ஜிரா என்ற மென்பொருளுக்கு ஒரு லாகின் கிடைக்கும். திறந்தால் ஆயிரக்கணக்கில் டிக்கெட் (ஒரு வேலைக்கு ஒரு பதிவு), விளங்காத சுருக்கக் குறிகள், போன வருடத்துக்குப் பிறகு யாரும் தொடாத எபிக்குகள். "ஒரு வாரம் சும்மா பாத்துக்கிட்டு இருங்க, பழகிடும்" என்பார் மேனேஜர். சும்மா பார்த்தால் பழகாது. தனியாக ஒரு காலி போர்டைத் திறந்து, சின்ன ப்ராடக்ட் ஒன்றை ஆரம்பம் முதல் கடைசிவரை அதில் ஓட்டிப் பார்த்தால் பழகும். அதை எப்படிச் செய்வது என்றுதான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஏன் ஜிரா? மென்பொருள் கம்பெனிகளில் அதிகம் புழங்குவது அது என்பதால்தான், சிறந்தது என்பதால் இல்லை. சிட்னியில் மைக் கேனன்-ப்ரூக்ஸும் ஸ்காட் ஃபார்க்கரும் 2002-இல் தொடங்கிய அட்லாசியன் நிறுவனத்தின் முதல் சரக்கு இது. பக்குகளை, அதாவது மென்பொருள் பிழைகளை, குறித்துவைக்கும் கருவியாகத்தான் பிறந்தது. அந்தப் பிறவிக்குணம் இன்றும் போகவில்லை. எதைக் கொடுத்தாலும் ஒரு எண் போட்டு, ஒரு நிலை கொடுத்து, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று வரலாறு எழுதும். டிரெய்னிக்கு இந்த வரலாறு எவ்வளவு பயன்படும் என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கம்பெனியில் சோஹோ ஸ்பிரின்ட்ஸோ, லீனியரோ, அஸூர் டெவ்ஆப்ஸோ இருந்தாலும் கவலை வேண்டாம். பெயர்கள் மாறும், வேலை ஒன்றுதான்.

பட்டன்களைக் கற்க ஒரு வார இறுதி போதும். டிக்கெட்டில் என்ன எழுதுவது, பேக்லாக்கில் (இனி செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில்) எதை மேலே வைப்பது என்ற இரண்டுக்குத்தான் நாள் பிடிக்கும். அதனால் பட்டன்களை வேகமாகக் கடந்துவிட்டு, அந்த இரண்டு இடத்தில் நின்று பேசுவோம்.

படி 1: சொந்தமாக ஒரு களம்

அலுவலக ஜிராவில் பழகாதீர்கள். அங்கே நீங்கள் உருவாக்கும் ஒவ்வொரு சோதனை டிக்கெட்டும் யாராவது ஒருவருக்கு மெயிலாகப் போகும். அட்லாசியன் தளத்தில் சொந்த மெயில் முகவரியில் கணக்குத் தொடங்குங்கள். பத்துப் பேர் வரை ஜிராவை இலவசமாகவே வைத்துக்கொள்ளலாம், கார்டு எண் தேவையில்லை.

உள்ளே போனதும் டெம்ப்ளேட் கேட்கும். ஸ்க்ரம் என்பதைத் தேர்ந்தெடுங்கள் (வேலையை ஸ்பிரின்ட் என்ற குறுகிய காலத் துண்டுகளாகப் பிரித்துச் செய்யும் முறை அது). அடுத்து ‘டீம் மேனேஜ்டு’, ‘கம்பெனி மேனேஜ்டு’ என்று இரண்டு வகை காட்டும். முதல் வகையில் நிலைகள், ஃபீல்டுகள் எல்லாவற்றையும் டீமே மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவதில் அவை அட்மின் கையில் இருக்கும். ஒரு வொர்க்ஃப்ளோவை (டிக்கெட் கடந்துபோகும் நிலைகளின் வரிசையை) பல டீம்கள் பகிர்ந்துகொண்டிருக்கும். பழக முதல் வகையே போதும். ஆனால் பெரிய கம்பெனிகளில் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் பார்ப்பீர்கள். அங்கே போர்டில் ஒரு நெடுவரிசை சேர்க்கக்கூட அட்மினிடம் போய் நிற்க வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

யூடியூபில் பழைய வீடியோ பார்த்துக் கற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு ‘இஷ்யூ’ என்று இருந்ததை இப்போது ‘வொர்க் ஐட்டம்’ என்றும், ‘ப்ராஜெக்ட்’ என்று இருந்ததை ‘ஸ்பேஸ்’ என்றும் மாற்றிவிட்டார்கள். திரையில் எந்தப் பெயர் இருந்தாலும் டீமில் எல்லோரும் டிக்கெட் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

பழகுவதற்கு ஒரு ப்ராடக்ட் வேண்டும் அல்லவா? நான் எடுத்துக்கொள்வது 20 லிட்டர் வாட்டர் கேன் போடும் ஒரு தெருக்கடைக்கான ஆப். சென்னையில் குடியிருந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பார்க்கச் சின்ன வியாபாரம். உள்ளே ஆர்டர், டெலிவரி, காலி கேன், டெபாசிட், மாதக் கணக்கு என்று சிக்கல் ஏராளம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேறொரு வியாபாரம் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். உணவு டெலிவரி ஆப் மட்டும் வேண்டாம். அதை எல்லோரும் செய்கிறார்கள், அதன் பதில்களும் ஏற்கெனவே உங்களுக்கு மனப்பாடம்.

படி 2: எபிக், ஸ்டோரி, டாஸ்க், பக்

பல ஸ்பிரின்ட்டுகளுக்கு நீளும் பெரிய வேலை எபிக். நம் ஆப்பில் ‘ஆர்டர்’, ‘காலி கேன் கணக்கு’, ‘பணம்’ என்று மூன்று எபிக் போதும். ஒரு பயனருக்குப் பயன்தரும் சின்னத் துண்டு ஸ்டோரி. பயனர் கண்ணில் படாத வேலை, உதாரணமாக எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவது, டாஸ்க். ஆப்பில் சரியாக ஓட வேண்டியது ஓடாமல் இருந்தால் பக். இவற்றுக்குள் சப்டாஸ்க் என்று ஒன்றும் உண்டு. அது டெவலப்பர்கள் தங்கள் வேலையைப் பிரித்துக்கொள்ள. நீங்கள் அதில் கை வைக்காதீர்கள்.

எது ஸ்டோரி, எது டாஸ்க் என்று அரை மணி நேரம் வாதம் நடக்கும் டீம்கள் உண்டு. அந்த வாதத்தில் கலந்துகொள்ளாமல் டீமின் வழக்கப்படி போங்கள்.

படி 3: டிக்கெட் எழுதுவது

இங்கேதான் நிற்க வேண்டும். டிரெய்னி எழுதும் முதல் டிக்கெட் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘காலி கேன் ஃபீச்சர் சேர்க்க வேண்டும்’. டிஸ்க்ரிப்ஷனில் ஒரு வரி, ஒரு ஸ்கிரீன்ஷாட். டெவலப்பர் அதைத் திறந்து, மூடி, உங்களைக் கூப்பிடுவார். அல்லது கூப்பிடாமல் தனக்குத் தோன்றியதைச் செய்துவைப்பார். இரண்டாவதுதான் ஆபத்து.

அதே டிக்கெட்டை இப்படி எழுதிப் பாருங்கள்.

தலைப்பு: டெலிவரி ஊழியர் வாசலிலேயே காலி கேன் எண்ணிக்கையைப் பதிவு செய்தல்

பின்னணி: இப்போது டெலிவரி செய்பவர் நோட்டில் எழுதிவந்து இரவு கடையில் கணக்கு ஒப்பிக்கிறார். சில நாள் விட்டுப்போகிறது. மாதக் கடைசியில் வாடிக்கையாளரோடு டெபாசிட் தகராறு வருகிறது. வாசலிலேயே பதிவானால் அந்தத் தகராறு குறையும்.

ஏற்பு நிபந்தனைகள்:
1. ஆர்டரை ‘டெலிவர்டு’ என்று மாற்றும்போது காலி கேன் எண்ணிக்கை கேட்க வேண்டும். பூஜ்யம் போடலாம், எதுவும் போடாமல் சேமிக்க முடியாது.
2. கணக்குப்படி வாடிக்கையாளரிடம் இருப்பதைவிடக் கூடுதல் எண் போட்டால் எச்சரிக்கை காட்ட வேண்டும், தடுக்கக் கூடாது.
3. சிக்னல் இல்லாவிட்டால் பதிவு போனிலேயே இருந்து, நெட் வந்ததும் தானாக ஏற வேண்டும்.

இதில் சேராதவை: டெபாசிட் பணத்தைத் திருப்பித் தருவது (தனி டிக்கெட்: கேன்-22), பதிவான எண்ணிக்கையைப் பிறகு திருத்துவது.

இரண்டாவது நிபந்தனையைக் கவனியுங்கள். அதை எழுதாமல் விட்டால் ஒரு நல்ல டெவலப்பர் என்ன செய்வார்? கணக்கில் இரண்டு கேன் இருக்கும்போது மூன்று என்று போட்டால் தவறு என்று நினைத்து, சேமிக்க விடாமல் பூட்டிவிடுவார். தர்க்கப்படி சரிதான். ஆனால் பழைய வாடகைதாரர் விட்டுப்போன கேனையும் சேர்த்துக் கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. மூன்றாவது மாடியில் நிற்கும் ஊழியர் ஆப்போடு மல்லுக்கட்டிவிட்டு, ஏதோ ஓர் எண்ணைப் போட்டுத் தப்பிப்பார். பதிவு பொய்யாகும், எந்தத் தகராறைத் தீர்க்க இந்த வேலையைத் தொடங்கினோமோ அது அப்படியே இருக்கும். ‘எச்சரி, தடுக்காதே’ என்ற இரண்டு சொல்லை எழுத, டெலிவரி எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ப்ராடக்ட் ஆள் சம்பளம் வாங்குவது அதற்குத்தான்.

டிஸ்க்ரிப்ஷனை ஏஐ எழுதித் தரும் வசதி ஜிரா உட்பட இப்போது பல கருவிகளில் வந்துவிட்டது. பயன்படுத்துங்கள், தப்பில்லை. பத்தி பிரித்து அழகாகத் தரும். பழைய வாடகைதாரரின் கேனை மட்டும் நீங்கள்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

‘இன்னாராக, எனக்கு இது வேண்டும், இதற்காக’ என்று ஒரு வாய்ப்பாட்டில் ஸ்டோரி எழுதச் சொல்லிக்கொடுப்பார்கள். டீம் கேட்டால் அதன்படியே எழுதுங்கள். ‘பயனராக, எனக்கு லாகின் வேண்டும், லாகின் செய்வதற்காக’ என்று எழுதும் அளவுக்கு மட்டும் போய்விட வேண்டாம். எதற்காக என்ற மூன்றாவது பகுதிக்குப் பதில் இல்லையென்றால் அந்த டிக்கெட்டே தேவையா என்று பாருங்கள். எக்ஸ்ட்ரீம் ப்ரோக்ராமிங் என்ற மென்பொருள் உருவாக்க முறையின் முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஒரு ஸ்டோரிக்கு அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல் என்று மூன்று பகுதி உண்டு என்று 2001-இல் எழுதினார். ஜிராவில் இருப்பது அட்டை மட்டும்தான். எழுதி முடித்ததும் டெவலப்பரோடும் டெஸ்டரோடும் பத்து நிமிடம் உட்காருங்கள். அந்தப் பேச்சில் மாறியதை அன்றைக்கே டிக்கெட்டில் திருத்துங்கள். ‘சாட்டில் சொன்னேனே’ என்பது மூன்று வாரம் கழித்து யாருக்கும் உதவாது.

பெரிய ஸ்டோரியை உடைப்பதும் ஒரு பழக்கம். ‘பணம் செலுத்துதல்’ என்பதை ‘திரை’, ‘சர்வர்’, ‘டேட்டாபேஸ்’ என்று உடைத்தால் மூன்றும் முடியும்வரை ஒன்றையும் காட்ட முடியாது. ‘கையில் ரொக்கம்’, ‘யூபிஐ’, ‘மாதக் கணக்கு’ என்று உடைத்தால் முதல் துண்டு முடிந்ததுமே கடைக்காரர் கையில் கொடுத்துப் பார்க்கலாம்.

பக் டிக்கெட்டுக்கு வேறு இலக்கணம். என்ன செய்தபோது வந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, எந்த போன், ஆப்பின் எந்தப் பதிப்பு. ஒரு டிக்கெட்டில் ஒரு பக். ‘அவசரம்!!!’ என்று தலைப்பில் போட வேண்டாம், ப்ரையாரிட்டிக்குத் தனி ஃபீல்டு இருக்கிறது.

பயிற்சிக்கு மூன்று எபிக், பதினைந்து இருபது ஸ்டோரி, நாலைந்து பக் எழுதிவிடுங்கள். சலிப்பாக இருக்கும். இதைக் குறுக்கினால் அடுத்து வருவது எதுவும் விளங்காது.

படி 4: பேக்லாக்கை வரிசைப்படுத்துவது

பேக்லாக் பக்கத்தில் டிக்கெட்டை இழுத்து மேலே கீழே வைக்கலாம். சொல்லிக்கொடுக்க இவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் ஸ்க்ரம் முறையில் ப்ராடக்ட் ஓனர் என்பவரின் பொறுப்பே இந்த வரிசைதான். ‘ஹை’ என்று முப்பது டிக்கெட்டுக்கு ப்ரையாரிட்டி கொடுக்க முடியும். ஆனால் வரிசையில் முதலிடம் ஒன்றுதான். மேலே இருக்கும் பத்தில் ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் ஒரு வரியில் சொல்ல முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

நம் ஆப்பில் யூபிஐயை முதலில் வைக்கத் தோன்றும். கடைக்காரரிடம் பேசினால் பணம் எப்படியோ வந்துவிடுகிறது, அவர் தூக்கத்தைக் கெடுப்பது காணாமல் போகும் கேன்கள் என்பது தெரியும். அப்படியானால் காலி கேன் பதிவு மேலே போகும். யூபிஐ அடுத்த மாதம் வரட்டும்.

ஒன்று முடியாமல் இன்னொன்றைத் தொடங்க முடியாது என்றால் ‘பிளாக்ஸ்’ என்ற லிங்க் போடுங்கள். கீழே அடியில் ஆறு மாதமாகத் தூங்கும் டிக்கெட்டுகளை மூடுங்கள். அழிக்காதீர்கள், ‘செய்யப்போவதில்லை’ என்று காரணம் எழுதி மூடுங்கள். உண்மையிலேயே தேவையானது திரும்பி வரும்.

லேபிள்களைப் பற்றி ஒரு முணுமுணுப்பு. யார் வேண்டுமானாலும் புது லேபிள் போடலாம் என்பதால் பேமெண்ட், பேமெண்ட்ஸ், பே என்று ஒரே விஷயத்துக்கு மூன்று லேபிள் முளைத்துவிடும். புதிதாக ஒன்று போடுவதற்கு முன்பு இருப்பதைத் தேடுங்கள்.

படி 5: மதிப்பீடும் ஸ்பிரின்ட்டும்

பெரும்பாலான டீம்கள் 1, 2, 3, 5, 8, 13 என்று ஸ்டோரி பாயின்ட் போடுவார்கள். அது மணிக்கணக்கு இல்லை. ஒரு வேலை இன்னொன்றைவிட எவ்வளவு பெரியது என்ற ஒப்பீடு. எண்ணைச் சொல்ல வேண்டியவர்கள் வேலையைச் செய்பவர்கள். டிரெய்னி அந்தக் கூட்டத்தில் எண் சொல்லக் கூடாது, ஒருவர் 2 என்றும் இன்னொருவர் 8 என்றும் சொன்னால் ஏன் என்று கேட்க வேண்டும். டிக்கெட்டில் நீங்கள் எழுதாமல் விட்டது அந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கும்.

ஸ்டோரி பாயின்ட்டைப் பற்றி யாராவது மிகவும் உறுதியாகப் பேசினால் அசந்துபோக வேண்டாம். ஸ்க்ரமின் அதிகாரபூர்வ கையேட்டின் 2020 பதிப்பில் ஸ்டோரி பாயின்ட் என்ற பேச்சே கிடையாது. அதைக் கண்டுபிடித்தது தானாக இருக்கலாம், அப்படியானால் அதற்காக வருந்துவதாக மேலே சொன்ன ஜெஃப்ரீஸே 2019-இல் எழுதியிருக்கிறார்.

ஜிராவில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. டீம் மேனேஜ்டு வகையில் இந்த ஃபீல்டின் பெயர் ‘ஸ்டோரி பாயின்ட் எஸ்டிமேட்’. கம்பெனி மேனேஜ்டு வகையில் ‘ஸ்டோரி பாயின்ட்ஸ்’. இரண்டும் கண்ணில் பட்டு, தவறானதை நிரப்பிவிட்டால் சார்ட்டில் பூஜ்யம்தான் வரும்.

இப்போது பேக்லாக் பக்கத்தில் ஸ்பிரின்ட் ஒன்றை உருவாக்கி ஆறேழு டிக்கெட்டை அதற்குள் இழுங்கள். ‘ஸ்டார்ட் ஸ்பிரின்ட்’ அழுத்தினால் காலமும் நோக்கமும் கேட்கும். வேலையில் இரண்டு வாரம் என்பது பரவலான வழக்கம். பயிற்சிக்கு நாலைந்து நாள் வையுங்கள். நோக்கம் என்ற பெட்டியைப் பலர் காலியாக விடுகிறார்கள். ‘இரவு நோட்டு இல்லாமலே அன்றைய காலி கேன் கணக்கு தெரிய வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எந்த டிக்கெட் இந்த ஸ்பிரின்ட்டில் ஒட்டவில்லை என்பது உடனே தெரியும்.

தொடங்கியபின் வேண்டுமென்றே குழப்புங்கள். நடுவில் ஒரு பக் சேர்க்கவும், ஒரு ஸ்டோரியை வெளியே எடுக்கவும், ஒன்றன் பாயின்ட்டை மாற்றவும். கடைசியில் ஒன்றிரண்டை முடிக்காமலே ஸ்பிரின்ட்டை மூடுங்கள். மிச்சத்தை அடுத்த ஸ்பிரின்ட்டுக்குத் தள்ளவா, பேக்லாக்குக்கா என்று ஜிரா கேட்கும். ஸ்பில்-ஓவர் என்று டீமில் சொல்வது இதைத்தான். யோசிக்காமல் ‘அடுத்த ஸ்பிரின்ட்’ என்று அழுத்துவது கெட்ட பழக்கம். முடியாமல் போனது இப்போதும் அதே அளவு முக்கியமா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

படி 6: போர்டு

‘செய்ய வேண்டியது’, ‘நடக்கிறது’, ‘முடிந்தது’ என்று போர்டில் மூன்று நெடுவரிசை இருக்கும். ‘டெஸ்டிங்’ என்று நான்காவது ஒன்றைச் சேருங்கள். ஸ்டாண்டப்பில் (டீமின் தினசரிச் சிறு கூட்டத்தில்) ஆள் ஆளாகக் கேட்பதைவிட, போர்டில் வலப்பக்கத்திலிருந்து டிக்கெட் டிக்கெட்டாக வருவது எனக்குப் பிடித்த முறை. முடியும் தறுவாயில் இருப்பதை முதலில் முடிக்கத் தோன்றும். டெவலப்பர் தன் கோட் பிராஞ்சின் (தான் வேலை செய்யும் கோடின் தனிக் கிளையின்) பெயரில் டிக்கெட் எண்ணைச் சேர்த்தால், கோட் கருவி ஜிராவோடு இணைக்கப்பட்டிருக்கும் பட்சத்தில், அந்த விவரம் டிக்கெட்டிலேயே தெரியும். ‘எதுவரைக்கும் வந்திருக்கு?’ என்று தோளைத் தட்டுவதற்கு முன்பு அங்கே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: தேடல்

ஜேக்யூஎல் என்பது ஜிராவின் தேடல் மொழி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். முதலில் சாதாரண தேடலில் மெனுவிலிருந்து தேர்ந்தெடுங்கள். பிறகு ஜேக்யூஎல் பக்கத்துக்கு மாற்றினால் நீங்கள் தேர்ந்தெடுத்ததை அதுவே வாக்கியமாக எழுதிக் காட்டும். அதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

டிரெய்னி சேமித்துவைக்க வேண்டிய தேடல்கள்: நடப்பு ஸ்பிரின்ட்டில் யாருக்கும் அசைன் ஆகாதவை; ஐந்து நாளாக அசையாதவை; டிஸ்க்ரிப்ஷன் காலியாக இருப்பவை; நீங்கள் உருவாக்கி, இந்த வாரம் முடிந்தவை. கடைசியில் சொன்னது வெள்ளிக்கிழமை மேனேஜருக்கு எழுதும் மெயிலை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொடுக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். ‘பேமெண்ட் என்ற லேபிள் இல்லாதவை’ என்று ‘சமமில்லை’ குறி போட்டுத் தேடினால், லேபிளே போடாத டிக்கெட்டுகளும் பட்டியலில் வராது. காலியானவையும் வேண்டும் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். அசைனிக்கும் இதே கதைதான். தெரியாமல் எடுத்த எண்ணிக்கையை மீட்டிங்கில் சொன்னால் யாராவது ஒருவர் அமைதியாகத் திருத்துவார்.

படி 8: ரிப்போர்ட்

முதலில் பர்ன்டவுன் ஒன்றை மட்டும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மிச்ச வேலை நாளுக்கு நாள் குறைவதைக் காட்டும் கோடு அது. கோடு மேலே ஏறினால் ஸ்பிரின்ட் நடுவில் யாரோ வேலை சேர்த்திருக்கிறார்கள் (நீங்கள் குழப்பியதை இங்கே பார்க்கலாம்). எட்டு நாள் தட்டையாகக் கிடந்து கடைசி நாளில் செங்குத்தாக விழுந்தால் இரண்டில் ஒன்று: எல்லாம் ஒரே நேரத்தில் டெஸ்டிங்குக்கு வந்து நிற்கிறது, அல்லது யாரும் டிக்கெட்டை நகர்த்துவதே இல்லை. போர்டில் வலது ஓர நெடுவரிசைக்கு வந்தால்தான் ஜிரா அதை முடிந்ததாக எண்ணும். ‘டெஸ்டிங்’கில் நிற்பது கணக்கில் வராது.

வெலாசிட்டி சார்ட், அதாவது ஒவ்வொரு ஸ்பிரின்ட்டிலும் எத்தனை பாயின்ட் முடிந்தது என்ற படம், ஒரு டீம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள. இரண்டு டீம்களின் வெலாசிட்டியை ஒப்பிட்டு ஸ்லைடு செய்யச் சொன்னால், முடிந்தவரை பணிவாக நழுவிவிடுங்கள். ஒரு டீமின் 5 இன்னொரு டீமின் 5 கிடையாது.

அலுவலக ஜிராவுக்குள்

இதையெல்லாம் ஓட்டிப் பார்த்தபின் அலுவலக லாகினைத் திறங்கள். முதல் வேலையாக, போன வருடம் வெளியான ஒரு ஃபீச்சரின் எபிக்கை எடுத்து, அதன் கீழுள்ள டிக்கெட்டுகளைத் தேதி வரிசையில் படியுங்கள். கமென்ட் மட்டும் போதாது, ‘ஹிஸ்டரி’ என்ற தாவலையும் பாருங்கள். எந்த டிக்கெட் டெஸ்டிங்கிலிருந்து நான்கு முறை திரும்பி வந்தது, எது நடுவில் கைமாறியது, எந்த ஏற்பு நிபந்தனை கடைசி வாரத்தில் மாறியது என்று எல்லாம் அங்கே இருக்கும். எந்தப் பயிற்சி வகுப்பும் உங்கள் டீமைப் பற்றி இவ்வளவு சொல்லாது. நன்றாக எழுதப்பட்ட மூன்று டிக்கெட்டைப் பிடித்துவைத்து, அதை எழுதியவர் யார் என்று பாருங்கள். அவரோடு ஒரு டீ குடிக்கலாம்.

‘பல்க் சேஞ்ச்’ என்ற வசதி உங்களுக்குத் திறந்திருந்தால் எச்சரிக்கை. நூற்றுக்கணக்கான டிக்கெட்டை ஒரே அடியில் மாற்றும். மெயில் அனுப்பவா என்ற பெட்டியில் ஏற்கெனவே டிக் போட்டிருக்கும். எடுக்காமல் விட்டால் டீம் முழுவதற்கும் மெயில் மழை பொழிந்து, உங்கள் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கம்பெனி மேனேஜ்டு இடங்களில் இன்னொரு விநோதம் பார்ப்பீர்கள். ஸ்டேட்டஸ் ‘டன்’ என்று இருக்கும், ஆனால் ரெசல்யூஷன் (டிக்கெட் எப்படி முடிந்தது என்று சொல்லும் ஃபீல்டு) ‘அன்ரிசால்வ்டு’ என்று காட்டும். வொர்க்ஃப்ளோவில் ரெசல்யூஷனை நிரப்பும் ஏற்பாடு விட்டுப்போயிருந்தால் இப்படி ஆகும். அந்த டிக்கெட்டுகள் ‘தீராதவை’ பட்டியலில் வந்துகொண்டே இருக்கும். நீங்களாக எதையும் மாற்றப் போகாமல், இரண்டு டிக்கெட் எண்ணை உதாரணமாகக் கொடுத்து ஜிரா அட்மினுக்கு எழுதுங்கள்.

நோட்டிஃபிகேஷனை முதல் நாளே ஒழுங்குசெய்துவிடுவது நல்லது. தனிப்பட்ட செட்டிங்ஸில் போய், நீங்களே செய்யும் மாற்றங்களுக்கு மெயில் வருவதை நிறுத்துங்கள். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கமென்ட், நீங்கள் எழுதிய டிக்கெட்டின் நிலை மாற்றம், இரண்டும் வரட்டும். கண் ஐகானை அழுத்தி ‘வாட்ச்’ செய்வது நடப்பு ஸ்பிரின்ட்டின் முக்கியமான நாலைந்து டிக்கெட்டுக்கு மட்டும். ஸ்பிரின்ட் முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.